கறுத்த ரத்தம் கெட்ட ரத்தமா?



பதுளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், கோயிலை ஒட்டிய மண்டபத்தில், ஓர் இரத்ததான முகாம் நடந்தது. நாமும் உதவிக்குப் போயிருந்தோம். காலையில் நல்ல கூட்டம். கவ்வாத்து வெட்டும் பையன்கள், ஸ்டோர் ஆட்கள், கொழுந்தெடுக்கும் பிள்ளைகள் என்று பலர் வரிசையில் நின்றார்கள். மூன்றாவதாகக் கட்டிலில் படுத்த ஒரு தம்பி, தன் கையிலிருந்து குழாய் வழியாகப் போய்ப் பையில் நிறையும் ரத்தத்தைத் திரும்பிப் பார்த்தார். பார்த்ததும் முகம் வாடிவிட்டது.

“ஐயா, என்னாங்க இது, கறுப்பா வருது? என் ரத்தம் கெட்டுப் போச்சுங்களா?” என்று கேட்டார்.

அப்படி ஒன்றும் இல்லை என்று நாம் சொன்னோம். அவர் சமாதானம் ஆனார். ஆனால் அவர் கேட்ட கேள்வி வரிசையில் நின்றவர்கள் காதில் விழுந்துவிட்டது. சற்று நேரம் கழித்துப் பார்த்தால் ஆறு பேரைக் காணவில்லை. சாயந்தரம் லயத்துப் பக்கம் போனபோது அந்த ஆறு பேரில் ஒருவரைக் கண்டு விசாரித்தோம். “எனக்கும் கறுப்பா வந்துட்டா நாலு பேருக்கு முன்னால மானம் போயிரும்ல, அதான் வந்துட்டேன்” என்றார்.

ஆறு பேர் போனதால் ஆறு பை ரத்தம் போயிற்று. அந்தத் தம்பிமாரைக் குறை சொல்லி என்ன பயன்? ரத்தத்தின் நிறத்தைப் பற்றி நம்மவர் மத்தியில் பல தவறான எண்ணங்கள் உண்டு. நாமும் சின்ன வயதில் அவற்றை நம்பியவர்கள்தான். இந்த எண்ணங்களால் ரத்தம் கொடுக்க வந்தவர் திரும்பிப் போவதோடு காரியம் முடிவதில்லை. தாய்மாரின் உயிருக்கே ஆபத்து வருவதும் உண்டு. ஆகவே இம்முறை இதைப் பற்றிக் கொஞ்சம் விபரமாகப் பேசுவோம்.

ரத்தம் ஏன் சிவப்பாக இருக்கிறது?

வளர்ந்த ஓர் ஆளின் உடம்பில் ஏறத்தாழ 5 லீற்றர் ரத்தம் ஓடுகிறது. பெண்களுக்கு இதைவிடக் கொஞ்சம் குறைவு. ஒரு துளி ரத்தத்தைப் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியில் வைத்துப் பார்த்தால், மஞ்சள் நிறத் தண்ணீரில் கோடிக்கணக்கான சிறு வட்டுகள் மிதப்பது தெரியும். இவைதான் செங்குருதிச் சிறுதுணிக்கைகள். ஊசி முனை அளவான ஒரு கன மில்லிமீற்றர் ரத்தத்தில் மாத்திரம் இவை 50 இலட்சம் அளவில் இருக்கும். ஒவ்வொன்றும் சுமார் 120 நாள் உயிர்வாழ்கிறது. பழையது அழிய அழிய, எலும்பின் உள்ளே இருக்கும் மச்சையில் புதியது உண்டாகிக்கொண்டே இருக்கும்.

இந்த வட்டுகளுக்குள் ஈமோகுளோபின் என்ற ஒரு பொருள் இருக்கிறது. அதில் இரும்புச்சத்து உண்டு. ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தருவது இதுதான். நாம் மூச்சு இழுக்கும்போது வரும் ஒட்சிசனைப் பிடித்து உடம்பெல்லாம் கொண்டு போவதும் இதுதான்.

இதைக் கொழுந்துக் கூடையாக நினைத்துக்கொள்ளுங்கள். சுவாசப்பைதான் கொழுந்து எடுக்கும் மலை. அங்கே கூடை நிறைகிறது. கை, கால், தலை, வயிறு எல்லாம் கொழுந்தை நிறுத்து வாங்கும் மடுவங்கள். அங்கே இறக்கிவிட்டுக் கூடை திரும்ப மலைக்கு வருகிறது. கூடை நிறைந்திருக்கும்போது ரத்தம் செம்பருத்திப் பூவைப் போலப் பளிச்சென்ற சிவப்பு. இறக்கிவிட்டுத் திரும்பும்போது அரக்குப் போலக் கறுஞ்சிவப்பு. இரண்டும் ஒரே ரத்தம்தான். இன்னொரு விசயம், திரும்பி வரும் கூடை காலிக்கூடை அல்ல. சும்மா இருக்கும் ஆளின் உடம்பில், திரும்பும் ரத்தத்திலும் முக்கால் பங்கு ஒட்சிசன் மிச்சம் இருக்கும்.

ரத்தத்தைச் சுமந்து போகும் குழாய்கள் நாடிகள், திரும்பக் கொண்டுவருபவை நாளங்கள். ரத்தம் இப்படிச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது என்பதை இங்கிலாந்து வைத்தியர் வில்லியம் ஹார்வி 1628ஆம் ஆண்டில் எழுதிய நூலில் நிரூபித்தார். கறுத்த ரத்தம் காற்றைச் சந்தித்ததும் பளிச்சென்று சிவப்பாகிறது என்பதை 1669ஆம் ஆண்டில் ரிச்சர்ட் லோவர் என்ற இன்னொரு வைத்தியர் காட்டினார். கெட்டுப்போன பொருள் கொஞ்சம் காற்றுப் பட்டதும் நல்லதாகுமா? ஆகாது. ஆகவே அது கெட்ட ரத்தமே அல்ல.

இரத்ததான முகாமிலும், ஆஸ்பத்திரியில் சோதனைக்கு ரத்தம் எடுக்கும்போதும், ஊசி போடுவது தோலுக்கு அருகில் இருக்கும் நாளத்தில்தான். ஆகவே வருவது கறுஞ்சிவப்பாகத்தான் இருக்கும். பெரிய மனுசருக்கும் அப்படித்தான், சின்ன மனுசருக்கும் அப்படித்தான். அந்தத் தம்பியின் ரத்தம் நல்ல ரத்தம்.

நரம்பு நீலமாகத் தெரிகிறதே?

“அப்ப கையில நரம்பு நீலமா ஓடுதே, அதுக்குள்ள நீல ரத்தம்தானே இருக்கும்?” என்று சிலர் கேட்பார்கள். ரத்தம் உடம்புக்குள் நீலமாக இருந்து, வெளியே வந்து காற்றுப் பட்டதும் சிவக்கிறது என்று படித்த பிள்ளைகள் சிலரும் சொல்கிறார்கள். பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் படத்தில் ஒரு பக்கக் குழாயைச் சிவப்பிலும் மறுபக்கக் குழாயை நீலத்திலும் வரைந்திருப்பதும் இதற்கு ஒரு காரணம். அது இரண்டையும் பிரித்துக் காட்ட வரைந்த நிறம் மாத்திரமே.

சோதனைக்கு ரத்தம் எடுக்கும்போது ஊசிக்குள்ளும் குழாய்க்குள்ளும் காற்று இல்லை. அங்கே ரத்தம் நீலமாகவா தெரிகிறது? இல்லை, சிவப்பாகத்தான் ஏறுகிறது. இந்த ஒன்றே போதும்.

பிறகு ஏன் நீலமாகத் தெரிகிறது? வெயில் வெளிச்சத்தில் பல நிறங்கள் கலந்திருக்கின்றன. அதில் சிவப்பு வெளிச்சம் தோலுக்குள் ஆழமாகப் போகும். போய், நாளத்தில் ஓடும் ரத்தத்தில் சிக்கிக்கொள்ளும். நீல வெளிச்சம் அவ்வளவு ஆழம் போகாமல் மேலாகவே திரும்பிவிடும். ஆகவே நாளம் இருக்கும் இடத்திலிருந்து நம் கண்ணுக்கு வந்து சேரும் சிவப்பு குறைவு. பக்கத்துத் தோலோடு ஒப்பிட்டு நம் கண் அதை நீலம் என்று எடுத்துக்கொள்கிறது. பதுளை டவுனில் நின்று பார்த்தால் நமுனுகுல மலை நீலமாகத் தெரிகிறது. பக்கத்தில் போனால் பச்சை. அதன் காரணம் வேறு. என்றாலும் இடையில் இருக்கும் பொருள் நிறத்தை மாற்றிக் காட்டும் என்ற பாடம் ஒன்றுதான்.

‘நீல ரத்தம்’ என்றால் உயர்குடிப் பிறப்பு என்ற பேச்சு ஐரோப்பாவில், ஸ்பெயின் நாட்டுப் பெரிய குடும்பங்களிடமிருந்து வந்தது. வெயிலில் வேலை செய்யாத வெள்ளைக் கையில் நரம்பு நீலமாகத் தெரிந்தது. வெயிலில் பாடுபட்டவர் கையில் அது தெரியவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். நம் பாட்டன்மார் காலத்தில் வெள்ளைக்காரத் துரையின் கையைப் பார்த்து ‘துரைக்கு ஓடுறது வேற ரத்தம்’ என்று சொன்னவர்களும் உண்டு. கவ்வாத்துக் கத்தி பட்டால் துரைக்கும் சிவப்புத்தான், ஆளுக்கும் சிவப்புத்தான்.

உண்மையிலேயே நீல ரத்தம் உள்ள உயிர்களும் இருக்கின்றன. நண்டு, இறால், கணவாய் ஆகியவற்றின் ரத்தத்தில் இரும்புக்குப் பதிலாகச் செம்பு இருப்பதால் அது நீலம். கரப்பான் பூச்சிக்கோ கொசுவுக்கோ சிவப்பு ரத்தம் கிடையாது. கொசுவை அடித்தால் கையில் ஒட்டும் சிவப்பு, அது குடித்த ரத்தம்தான்.

அட்டை கெட்ட ரத்தத்தை மட்டும் குடிக்குமா?

மழை நாளில் மலையில் அட்டை கடித்தால், “விடு, கெட்ட ரத்தத்தைத்தானே குடிக்குது” என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அட்டைக்கு நல்லது கெட்டது பிரிக்கத் தெரியாது. கிடைத்ததைக் குடிக்கும். விட்ட பிறகும் ரத்தம் நிற்காமல் ஓடுவது, ரத்தத்தை உறையவிடாமல் தடுக்கும் ஒரு பொருள் அதன் எச்சிலில் இருப்பதால். கடித்த இடத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தால் போதும்.

கெட்ட ரத்தத்தை வெளியேற்றினால் நோய் போகும் என்ற நம்பிக்கை நமக்கு மாத்திரம் உரியதல்ல. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நூற்றுக்கணக்கான வருசம் வைத்தியர்களே அப்படிச் செய்தார்கள். அமெரிக்காவின் முதலாவது ஜனாதிபதி ஜோர்ஜ் வோஷிங்டனுக்கு 1799 டிசம்பரில் கடுமையான தொண்டை நோய் வந்தபோது, வைத்தியர்கள் பல தடவை ரத்தத்தை வடித்தார்கள். அன்று இரவே அவர் காலமானார். நோயாளியை அது மேலும் பலவீனப்படுத்தியது என்று இன்றைய வைத்தியர்கள் சொல்கிறார்கள்.

தாய்மார் கவனத்துக்கு

இனி நாம் சொல்வதைத் தாய்மாரும், வீட்டில் உள்ள ஆண்களும் கட்டாயம் வாசிக்க வேண்டும். வெட்கப்பட்டு விட்டுவிடும் விசயம் அல்ல இது.

மாதவிலக்கில் வரும் ரத்தம் கறுத்தும் கட்டியாகவும் இருந்தால், ‘கெட்ட ரத்தம் போகுது, போகட்டும்’ என்று நினைக்கிறோம். அது கெட்ட ரத்தம் அல்ல. உள்ளே சற்று நேரம் தங்கி மெதுவாக வருவதால் கறுக்கிறது. ஒரு மாதத்தில் சாதாரணமாகப் போவது 30, 40 மில்லிலீற்றர், அதாவது இரண்டு மூன்று மேசைக்கரண்டி அளவு. 80 மில்லிலீற்றருக்கு மேல் போனால் அது அதிகம். ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, பெரிய பெரிய கட்டியாக வந்தாலோ, மணிக்கொரு தரம் துணி மாற்ற வேண்டி வந்தாலோ வைத்தியரிடம் போக வேண்டும். ‘போகட்டும்’ என்று விட்டால் போவது உடம்பின் பலம்.

பிரசவத்துக்குப் பிறகும் இதே பேச்சுத்தான். “பத்து மாசக் கெட்ட ரத்தம், எல்லாம் போனாத்தான் வயிறு சுத்தமாகும்” என்று பெரியவர்கள் சொல்வார்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் பிரசவத்தில் அரை லீற்றருக்கு மேல் ரத்தம் போனால் அது ஆபத்து என்பது வைத்தியர்களின் கணக்கு. வீட்டுக்கு வந்த பிறகு ரத்தப்போக்கு திடீரென்று கூடினால், துணி நனைந்து நனைந்து வந்தால், தலை சுற்றிக் கண் இருட்டினால், விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். 1990 இலக்கத்துக்குப் போன் எடுத்தால் ‘சுவசெரிய’ அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

அடுத்தது இரும்புச்சத்து மாத்திரை. இதில் நம் பேரிலும் ஒரு குற்றம் உண்டு, மறைக்காமல் சொல்கிறோம். நாம் இந்த வேலைக்கு வந்த புதிதில், கர்ப்பிணியான ஓர் அக்கா பிள்ளை மடுவத்தடியில் நம்மைக் கண்டு, “ஐயா, கிளினிக்ல குடுத்த மாத்திரைய முழுங்கினா வெளிய கறுப்பாப் போகுது. ரத்தமும் கறுத்துப் போகும், பிள்ளையும் கறுப்பாப் பொறக்கும்னு மாமியா சொல்றாங்க. நிப்பாட்டிட்டேன்” என்றார். நமக்கும் அப்போது விபரம் தெரியாது. வேலை அவசரத்தில், “அடுத்த கிளினிக்ல மிஸ்கிட்ட கேளுங்க அக்கா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டோம். அவர் கேட்கவும் இல்லை, நாம் விசாரிக்கவும் இல்லை. ஏழாவது மாதம், மலையில் கூடையோடு மயங்கி விழுந்தார். கண் இமையை இழுத்துப் பார்த்தால் வெள்ளைத் துணி மாதிரி இருந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றித்தான் தாயையும் பிள்ளையையும் காப்பாற்றினார்கள். அன்று அந்தப் பையில் தொங்கிய ரத்தம் யாரோ முகம் தெரியாத ஒருவர் கொடுத்தது. அதுவும் கறுஞ்சிவப்பாகத்தான் இருந்தது.

மாத்திரையில் உள்ள இரும்பு முழுவதையும் உடம்பு எடுத்துக்கொள்வதில்லை. மிச்சம் வெளியே போகும்போது மலம் கறுக்கிறது. அதனால் ஒரு கெடுதியும் இல்லை. ரத்தம் கறுப்பாகாது. பிள்ளையின் தோல் நிறம் தாய் தகப்பன் வழியில் வருவது. மாத்திரைக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. வயிற்றைப் பிரட்டினாலோ மலம் இறுகினாலோ நிறுத்திவிடாமல் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். எப்போது எப்படிக் குடிப்பது என்று சொல்லித் தருவார். மாத்திரையைச் சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். மிட்டாய் என்று நினைத்துப் பிள்ளை அள்ளி விழுங்கினால் உயிராபத்து.

நிறம் அல்ல, பலம்தான் முக்கியம்

ரத்தம் கறுப்பா சிவப்பா என்று பார்க்கும் நாம், பார்க்க வேண்டிய ஒன்றைப் பார்ப்பதில்லை. அதுதான் ரத்தத்தின் பலம், அதாவது ஈமோகுளோபின் அளவு. 100 மில்லிலீற்றர் ரத்தத்தில் ஆண்களுக்கு 13 கிராமும், பெண்களுக்கு 12 கிராமும், கர்ப்பிணிகளுக்கு 11 கிராமும் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் ரத்தச்சோகை. ‘ரத்தம் பத்தாது’ என்று நாம் சொல்வது இதைத்தான்.

பிரட்டுக்கு முன்பே களைப்பு, மேடு ஏறினால் மூச்சு வாங்குதல், நெஞ்சு படபடப்பு, தலைச்சுற்று, மண் தின்னும் ஆசை இவையெல்லாம் அடையாளங்கள். கண்ணாடி முன் நின்று கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். உள்பக்கம் நல்ல சிவப்பாக இல்லாமல் வெளுத்திருந்தால் சோதனைக்குப் போங்கள். ஆனால் இமை சிவப்பாக இருக்கிறது என்பதற்காகச் சோகை இல்லை என்றும் முடிவு செய்யக்கூடாது. ரத்தம் சோதித்தால்தான் நிச்சயம்.

இரத்ததான முகாமில் நீல நிறத் திரவத்தில் ஒரு துளி ரத்தத்தை விட்டுப் பார்ப்பதைச் சிலர் கண்டிருப்பீர்கள். அது செம்பு கலந்த ஒரு கரைசல். பலமுள்ள ரத்தத் துளி கனமாக இருப்பதால் கீழே போகும். பலம் குறைந்தது மிதக்கும். பாருங்கள், அங்கேயும் நிறத்தை யாரும் பார்ப்பதில்லை.

ரத்தம் குறையக் காரணம் பல. அதில் தோட்டத்துக்குப் பழைய எதிரி கொளுக்கிப் புழு. மலம் கலந்த மண்ணில் வளரும் இதன் குஞ்சு, வெறுங்காலில் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய், குடலில் கடித்துத் தொங்கி ரத்தம் குடிக்கும். ஒரு புழு ஒரு நாளில் குடிப்பது சில துளிகூட வராது. நூற்றுக்கணக்கில் சேர்ந்தால் ஆளையே வெளுக்க வைத்துவிடும். 1916ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரொக்பெல்லர் மன்றத்தின் உதவியோடு இலங்கைத் தோட்டங்களில் இந்தப் புழுவுக்கு எதிராக ஓர் இயக்கமே நடந்தது. மருந்து கொடுத்துப் புழுவை வெளியேற்றினார்கள். ஆனால் லயங்களில் ஒழுங்கான மலசலகூடம் இல்லாததால், சுகமானவர்களுக்கே திரும்பவும் புழு தொற்றியது. மருந்து மாத்திரம் போதாது, மலசலகூடமும் காலில் செருப்பும் வேண்டும் என்பது அன்று படித்த பாடம். இன்றைக்கும் அது பொருந்தும். மலைக்குப் போகும்போதும் தோட்டம் கொத்தும்போதும் காலுக்கு ஏதாவது போடுங்கள். பூச்சி மருந்து கொடுக்கும்போது தட்டிக்கழிக்காமல் குடியுங்கள்.

இன்னொரு காரணம் நம் கையாலேயே பறிக்கிற தேயிலை. தேயிலையைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். நாமும் ஒரு நாளைக்கு நாலு கோப்பை குடிக்கிறவர்கள்தான். ஆனால் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்ட கையோடு சாயத்தண்ணி குடித்தால், அதிலுள்ள துவர்ப்புச் சத்து சாப்பாட்டில் உள்ள இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உடம்புக்குச் சேர விடாது. சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முந்தியோ, ஒன்று இரண்டு மணித்தியாலம் பிந்தியோ குடித்தால் குறையில்லை. மாத்திரையையும் தேத்தண்ணியோடு விழுங்கக் கூடாது, தண்ணீரோடு குடியுங்கள். கல்சியம் மாத்திரையை வேறு நேரத்தில் எடுங்கள்.

பீட்ரூட் சிவப்பாக இருப்பதால் அது ரத்தமாக மாறும் என்றும் நம்புகிறோம். பீட்ரூட் நல்ல மரக்கறிதான். ஆனால் அந்தச் சிவப்பு வேறு, ரத்தச் சிவப்பு வேறு. அதில் இரும்பும் அதிகம் இல்லை. நெத்தலிக் கருவாடு, மீன், இறைச்சி, ஈரல், கௌபி, கடலை, பயறு, கீரை வகைகள் இவற்றில்தான் இரும்பு கிடைக்கிறது. ஆனால் கர்ப்பிணிகள் ஈரலை அடிக்கடி சாப்பிட வேண்டாம். லயத்தோரம் ஒரு முருங்கைக் கொப்பை ஊன்றினால் காசு செலவில்லாத கீரை. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடம்பு எடுக்க வேண்டுமானால் தேசிக்காய்ப்புளி, நெல்லிக்காய், கொய்யாப்பழம் போன்ற புளிப்பு ஒன்று கூட இருந்தால் நல்லது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் கிளினிக்கில் கிடைக்கும் திரிபோஷாவை வீட்டிலே எல்லாருக்கும் பங்கு வைக்காமல் அவர்களே சாப்பிடட்டும்.

நிறத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டிய நேரங்கள்

நிறத்துக்கு அர்த்தமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. சில நேரம் அது எச்சரிக்கை:

1. இரும்பு மாத்திரை குடிக்காதவருக்கு மலம் தார் போலக் கறுத்து ஒட்டினால், வயிற்றுக்குள் ரத்தம் கசியலாம். உடனே வைத்தியரிடம் போங்கள்.

2. இருமும்போது சளியில் ரத்தம் வந்தால் மறைக்காதீர்கள். காசநோயாக இருக்கலாம். அதற்குச் சுகமாக்கும் மருந்து அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாக உண்டு.

3. பிள்ளையின் உதடும் நாக்கும் நீலம் பூத்தால், ரத்தத்தில் ஒட்சிசன் போதவில்லை என்று அர்த்தம். ஒரு நிமிசமும் தாமதிக்க வேண்டாம்.

4. கத்தி வெட்டில் பளிச்சென்ற சிவப்பு ரத்தம் துடித்துத் துடித்துப் பீறிட்டால், நாடி அறுந்திருக்கிறது. சுத்தமான துணியை வைத்து இறுக அழுத்தியபடியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். கோப்பித்தூள், சுண்ணாம்பு, தேயிலைத்தூள் எதையும் வைக்காதீர்கள்.

5. அப்புத்தளை, வெலிமடைப் பக்கக் குளிருக்குக் கரிச்சட்டியைக் காம்பராவுக்குள் வைத்துக் கதவைப் பூட்டிப் படுக்காதீர்கள். கரி எரியும்போது காபனோரொட்சைட்டு என்ற வாயு வரும். மணம் கிடையாது, கண்ணுக்கும் தெரியாது. அது ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஈமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். அப்போது ரத்தம் பளபளவென்று நல்ல சிவப்பாகத்தான் இருக்கும், ஆனால் ஆள் மூச்சுத் திணறித் தூக்கத்திலேயே இறந்துவிடுவார். வெளுத்ததெல்லாம் பால் அல்ல என்பது போல, சிவந்ததெல்லாம் நல்ல ரத்தமும் அல்ல.

வகை வேறு, நிறம் ஒன்று

‘நெகட்டிவ்’ ரத்தம் என்றால் குறையுள்ள ரத்தம் என்றும் சிலர் நினைக்கிறார்கள். அது ஒரு வகையின் பெயர் மட்டுமே. 1901இல் வியன்னா நகரத்தில் கார்ல் லான்ட்ஸ்டைனர் என்ற விஞ்ஞானி, மனித ரத்தத்தில் வகைகள் இருப்பதைக் கண்டறிந்து வெளியிட்டார். அவர் பிறந்த ஜூன் 14ஆம் திகதியைத்தான் உலக இரத்ததானிகள் தினமாகக் கொண்டாடுகிறோம். ஏ, பி, ஏபி, ஓ எல்லாமே சிவப்பு. பொசிட்டிவ், நெகட்டிவ் இரண்டும் சிவப்பு. கண்ணால் பிரிக்க முடியாது. ஆனால் நெகட்டிவ் வகைத் தாய்மார் கர்ப்பமானதும் கிளினிக்கில் அதைச் சொல்ல வேண்டும். அடுத்த பிள்ளையைப் பாதுகாக்க அவர்களுக்கு ஒரு விசேட ஊசி தேவைப்படலாம்.

நம் நாட்டில் ரத்தம் விலைக்கு வாங்கப்படுவதில்லை. 2014ஆம் ஆண்டிலிருந்து முழுக்க முழுக்கச் சம்பளமில்லாமல் தாமாக முன்வந்து கொடுப்பவர்களின் ரத்தம்தான் தேசிய இரத்த மாற்றுச் சேவைக்குக் கிடைக்கிறது. 18 வயதுக்கும் 60 வயதுக்கும் இடைப்பட்டு, 50 கிலோ எடைக்குக் குறையாமல், ஈமோகுளோபின் குறைவில்லாமல், நோய் நொடி இல்லாமல் இருப்பவர் நாலு மாதத்துக்கு ஒரு தடவை கொடுக்கலாம். எடுப்பது சுமார் 450 மில்லிலீற்றர். அதன் நீர்ப்பகுதி ஓரிரு நாளில் ஊறிவிடும். சிவப்பு வட்டுகள் சில வாரங்களில் நிறைந்துவிடும். ஒரு பையைப் பிரித்து இரண்டு மூன்று நோயாளிகளுக்குக் கூடக் கொடுக்கலாம். சிவப்பு வட்டுகளை ஐந்து ஆறு வாரத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது. ஆகவே கொடுப்பவர் தொடர்ந்து இருந்துகொண்டே இருக்க வேண்டும்.

2021 மார்ச் 20ஆம் திகதி பசறை 13ஆம் கட்டையில் பஸ் பள்ளத்தில் விழுந்து பலர் உயிரிழந்ததையும், முப்பதுக்கு மேற்பட்டோர் காயப்பட்டதையும் ஊவாவில் நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். இந்த வளைவு ரோட்டில் அப்படி ஒரு நாள் யாருக்கும் வரலாம். அன்றைக்கு ரத்த வங்கியின் குளிர்பெட்டியில் இருக்கும் பையில் தமிழர் ரத்தம், சிங்களவர் ரத்தம், முஸ்லிம் ரத்தம் என்று எழுதியிருக்காது. சாதியும் எழுதியிருக்காது. வகையும் திகதியும்தான் இருக்கும்.

முகாமில் பயந்த அந்தத் தம்பியைப் பிறகு ஒரு நாள் பிரட்டுக் களத்தில் கண்டோம். “அடுத்த முகாம் எப்பங்க ஐயா?” என்று அவரே கேட்டார். திரும்பிப் போன ஆறு பேரில் மூன்று பேரையும் கூட்டி வருவதாகச் சொல்லியிருக்கிறார். மற்ற மூன்று பேரும் இதை வாசித்தால், அல்லது யாராவது வாசித்துக் காட்டினால், அவர்களும் வருவார்கள் என்று நம்புகிறோம்.

கர்ப்பிணியாக இருக்கும் தாய்மாரே, அலுமாரியில் மிச்சம் இருக்கும் மாத்திரையை இன்று இரவே எடுங்கள். சந்தேகம் இருந்தால் நம்மிடமோ குடும்பநல உத்தியோகத்தரிடமோ கேளுங்கள். இனி “பிறகு கேளுங்க” என்று நாம் சொல்ல மாட்டோம்.